மழைக் கடுதாசி

அந்தக் கதவத் தொறக்காதீங்க சார். ஐயையோ, கைய எடுங்க மொதல்ல. கண்ணாடி வழியாப் பாருங்க, போதும். எத்தனை தெரியுது? மூணா? நல்லாப் பாருங்க, அந்தப் பெரிய பொம்பளை ஆனையோட காலுக்கு நடுவுல ஒண்ணு நிக்குது, குட்டி. குட்டியோட நிக்குதுன்னா அது எப்பப் போகும்னு ஆண்டவருக்குத்தான் தெரியும். உங்க காரா? காருக்கும் அதுக்கும் இருவது அடி இருக்கு. அப்படியே நசுக்கிட்டாலும் கார் வேற வாங்கிக்கலாம் சார். உக்காருங்க.

பயப்படாதீங்க. உள்ள வந்ததில்ல. வெள்ளக்காரன் கட்டின செவுரு, ரெண்டு அடி கனம். ஆனை வாசல்ல நிக்கும், வாழைய முறிக்கும், பைப்ப ஒடைக்கும், அதுக்காத் தோணுனா போயிரும். போன வருஷம் ஒரு பெங்களூர்க் குடும்பம் ஏழு மணி நேரம் இங்கயே மாட்டிக்கிச்சு. அந்தம்மா அழுதே போட்டாங்க. கடைசில நான் செஞ்ச கேரமல் கஸ்டர்டத் தின்னுட்டு சிரிச்சுக்கிட்டே கெளம்புனாங்க. உங்களுக்கும் செஞ்சு தரேன், பால் இருக்கு.

மணி என்ன சார்? ஒண்ணு அம்பதா? சே. இன்னைக்குன்னு பாத்து வந்து நிக்குது பாருங்க. நாலு மணிக்கு எஸ்டேட் ஆபீஸ்ல ஒரு காரியம் இருக்கு. எனக்கில்ல, எம்பொண்ணுக்கு. அவ, தொழிலாளிங்க வரிசையா இருக்கற லைன் வீட்டுலேர்ந்து இந்தக் கேட்டத் தாண்டித்தான் ஆபீசுக்குப் போகணும். அவளும் அங்க வளைவுல நின்னுக்கிட்டு இதையேதான் பாத்துட்டிருப்பா. அதச் சொல்றேன், இருங்க. மொதல்ல டீ.

இந்தாங்க. சர்க்கரை தனியா வச்சிருக்கேன். நான் உக்காரவா? வேணாம் சார், பழக்கமில்ல. முப்பத்தி நாலு வருஷமா இந்த ரூம்ல நின்னே பேசிப் பழகிட்டேன். எம்பேரு பாக்கியநாதன். பட்லர் பாக்கியம்னாத்தான் நீர்முட்டி எஸ்டேட்ல தெரியும். மொதல்ல தொரைமாருக்கு சமைச்சேன், அப்புறம் மேனேஜர்மாருக்கு. இப்ப மேனேஜரெல்லாம் கீழ புது வீட்டுல இருக்காங்க. கம்பெனி இந்தப் பங்களாவ சுத்திப் பாக்கற எடமா ஆக்கி ஆறு வருஷம் ஆச்சு. டிக்கெட் வாங்கிட்டு வர்றவங்களுக்கு நாந்தான் காட்டறது. இந்த வெள்ளக் கோட்டு, பித்தளைப் பட்டன், எல்லாம் அதுக்குத்தான். மத்தியானம் சாப்பிடறப்போ மட்டும் கழட்டி சமையக்கட்டுக் கதவுக்குப் பின்னால மாட்டிருவேன். கொழம்பு பட்டா கறை போகாது. அந்த அரை மணி நேரம் எம்பொண்ணு பிலோமினா வந்து இந்த ரூமெல்லாம் பெருக்கித் தொடச்சிட்டுப் போவா. அவங்கம்மா செசிலிதான் முன்னாடி பெருக்குனா, இப்ப அவளுக்கு முட்டி மடங்கறதில்ல.

செவுத்துல இருக்கற காட்டுமாட்டுத் தலையப் பாத்தீங்க, குளிர்காயற கணப்பப் பாத்தீங்க, மூணு பேர் குளிக்கற மாதிரி தொட்டியும் பாத்தீங்க. எல்லாரும் போட்டோ எடுத்துக்கிட்டுப் போயிருவாங்க. முக்கியமானத நான் கடைசிலதான் காட்டுவேன். இதோ, இந்த மேசை. தள்ளி உக்காருங்க, சொல்றேன். இந்த மேசையாலதான் சார் நான் இந்த மலையில பொறந்தேன்.

சிரிக்காதீங்க. நெஜமாத்தான்.

எங்க தாத்தா சந்தியாகு. ராமநாதபுரம் பக்கம் வானம் பாத்த பூமி. மூணு வருஷம் மழையில்ல, கண்மாய் வெடிச்சுக் கெடந்துச்சு. எஸ்டேட்டுக்கு ஆள் சேக்கற கங்காணி வந்து கூப்பிட்டான், மல ஏறிட்டாரு. ரெண்டு வருஷம் இருந்துட்டு வர்றேன், மழை பெஞ்சா ஒரு கடுதாசி போடுன்னு அண்ணங்கிட்ட சொல்லிட்டு வந்தாரு. அவரு மட்டுமில்ல, அன்னைக்கு இங்க வந்த அத்தனை பேரும் அப்படித்தான் சொல்லிட்டு வந்தது. மழை பெஞ்சா எழுது. கண்மாய் நெறஞ்சா எழுது. நான் வந்துர்றேன்.

அப்ப இங்க இருந்தவன் ஹார்க்ரீவ்னு ஒருத்தன். நம்ம ஜனங்க வாயில நொழையல, ஆர்க்கிரித் தொரைன்னு கூப்புட்டாங்க. ரொம்ப ஒழுங்கான ஆளுன்னு பேரு. அடிக்க மாட்டான், கெட்ட வார்த்த பேச மாட்டான். சனிக்கெழம சனிக்கெழம தபால் பை நேரா இந்த மேசைக்கு வரும். கிளார்க்க உக்கார வச்சு ஒவ்வொரு கடுதாசியா படிக்கச் சொல்லிக் கேப்பான். சாவுக் கடுதாசியா, உடனே குடுத்துருவான். லீவும் குடுத்து அனுப்புவான். கல்யாணக் கடுதாசி, குடுத்துருவான். ஏன்னா சாவுக்குப் போனவன் கருமாதி முடிஞ்சு திரும்பி வந்துருவான். கல்யாணத்துக்குப் போனவன் பொண்டாட்டியோட வருவான், இன்னும் ரெண்டு கை கூடும். மழைக் கடுதாசிக்குப் போறவன் மட்டும் திரும்ப மாட்டான் சார். மழைக் கடுதாசி வந்தா, இந்த டிராயர்ல போட்டுப் பூட்டிருவான்.

எங்க தாத்தா ஒவ்வொரு சனிக்கெழமையும் வந்து நிப்பாராம். உள்ள இல்ல, அதோ வெளிய, படிக்குக் கீழ. தொரை, எனக்குத் தபால் வந்துச்சான்னு கேப்பாராம். அவன் இப்படி, கைய விரிச்சு, இல்ல, இல்லன்னு சொல்வானாம். சிரிச்ச மூஞ்சியோட சொல்வானாம். பதினோரு வருஷம் சார்! பதினோரு வருஷம் கேட்டாரு. அப்புறம் கேக்கறத விட்டுட்டாரு. ஊருல மழையே இல்ல போலன்னு நெனச்சுக்கிட்டாரு. இங்கயே ஒரு பொண்ணக் கட்டிக்கிட்டு, தேயிலைச் செடிய கவ்வாத்து வெட்டிக்கிட்டே காலத்த ஓட்டிட்டாரு. எங்கப்பா இங்க பொறந்தாரு. நானும் அதே லைன் வீட்டுல, அதே மூலையில பொறந்தேன்.

ஆறு வருஷம் முன்னாடி இந்த மேசையப் பாலீஷ் போடறப்ப ஆசாரி பூட்டியே கெடந்த டிராயரத் தொறந்தாரு. உள்ள ஒரு கட்டு, சணல் போட்டுக் கட்டி. முப்பத்தேழு கடுதாசி. எல்லாம் கார்டு. ஏழாவதோ எட்டாவதோ எடுத்துப் பாத்தா, சந்தியாகுக்குன்னு போட்டிருக்கு. நாலே வரி. தம்பி, ஐப்பசியில நல்ல மழை, கண்மாய் நெறஞ்சு மறுகால் போகுது, செட்டியார் வயல வாரக் குத்தகைக்குப் பேசி வச்சிருக்கேன், உடனே பொறப்பட்டு வா. தாத்தா மலைக்கு வந்து பதினாலே மாசத்துல எழுதின கடுதாசி சார் அது. பதினாலு மாசம்.

பாருங்க, ஆறு வருஷமா வாரத்துக்கு நாலு தடவ சொல்றேன், இந்த எடம் வந்தா எனக்குக் கண்ணு கலங்கிருது. அந்தக் கார்டு மட்டும் அவரு கைக்குக் கெடச்சிருந்தா நான் இன்னைக்கு ராமநாதபுரத்துல வயக்காட்டுல நின்னிருப்பேன். ஆனைக்குப் பயந்து கதவச் சாத்திக்கிட்டு இருக்க மாட்டேன். பாவி. பச்சப் பாவி அவன். ஒரு மனுசன் வாழ்க்கையில நொழஞ்சு, இத நீ தெரிஞ்சுக்கலாம், இத நீ தெரிஞ்சுக்கக் கூடாதுன்னு பிரிக்கறதுக்கு இவன் யாரு? ஒண்ணுதான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கல. அத்தனையும் எரிச்சுத் தொலைச்சிருக்கலாமில்ல? பக்கத்துலதான் கணப்பு. எதுக்கு சணல் போட்டுக் கட்டி வச்சான்?

சரி விடுங்க. இன்னொரு டீ? ஆனை நவுந்துச்சா? எங்க நவுரும், வாழைத் தோட்டத்துல பாதிய முடிச்சிருச்சு. ரெண்டரை பஸ்சும் இனிமே மேல வராது. ஆனை நிக்குதுன்னு தெரிஞ்சா முக்குலயே திருப்பிக்கிட்டு கீழ எறங்கிருவான். இன்னைக்கு அதோட சரி, அடுத்தது நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு. நல்லதாப் போச்சு.

இல்ல, சும்மா சொன்னேன். நல்லதாப் போச்சுன்னா... ஒண்ணுமில்ல.

நாலு மணி காரியத்தக் கேட்டீங்கல்ல. எனக்கு இந்த மாசம் முப்பதாம் தேதியோட அம்பத்தெட்டு முடியுது. ரிட்டயர். எஸ்டேட் வீடு வேல பாக்கறவனுக்குத்தான் சார். வேல முடிஞ்சா மூட்டையக் கட்டணும். இல்லேன்னா வீட்டுல இன்னொருத்தர் பேர் குடுக்கணும். பேர் குடுக்கறதுன்னா, நானும் இந்த எஸ்டேட்ல வேலைக்கு வர்றேன்னு ஆபீஸ் ரிஜிஸ்தர்ல கையெழுத்துப் போடறது. போட்டாச்சுன்னா வீடு அவங்க பேருக்கு மாறிரும். எனக்கு இருக்கறது ஒத்தப் பொண்ணு. லிஸ்டு இன்னைக்கு நாலு மணிக்குக் கம்பெனிக்குப் போகுது. அதுக்குள்ள பிலோ வந்து கையெழுத்துப் போடணும். போட்டுட்டா நானும் செசிலியும் கண்ண மூடற வரைக்கும் அந்த வீடுதான். எங்க தாத்தா செத்த வீடு, எங்கப்பா செத்த வீடு. எங்களுக்கு வேற எங்க சார் போக்கு? ராமநாதபுரத்துல எவன் எங்களத் தெரியும்பான்?

படிச்சிருக்கா சார். அதான் வயித்தெரிச்சல். பொள்ளாச்சியில கன்னியாஸ்திரி அம்மாமாரு சேத்துவிட்டு, ரத்தம் டெஸ்ட் பண்ற படிப்பு படிச்சா. ரெண்டு வருஷம். நல்ல மார்க்கு. எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ்ல பதிஞ்சு வச்சுட்டு மூணு வருஷமா வீட்டுல இருக்கா. நான் தேயிலை பறிக்கறதுக்கா அனுப்புறேன்? கிடையாது. மேனேஜர்கிட்ட பேசிட்டேன், இந்தப் பங்களாவுலயே போட்டுத் தர்றேன்னு சொல்லிட்டாரு. எனக்கப்புறம் அவதான் இந்த ரூம்ல நின்னு உங்கள மாதிரி ஆளுங்களுக்கு இதெல்லாம் சொல்லப் போறா. நெழல்ல வேல. கௌரவமான வேல. ஆனா அவளுக்கு இந்தக் கடுதாசிங்கன்னாலே ஆகாது. இந்த மேசைய மட்டும் சரியாவே தொடைக்க மாட்டா. அப்பா, இத எதுக்கு எல்லாருக்கும் காட்டறீங்க, கொண்டுபோய் அந்தந்த ஊருல குடுங்கன்னு ஒரு நாளு சண்டை போட்டா. யாருக்குடி குடுக்கறது, எல்லாரும் செத்துப் போயாச்சுன்னேன். செத்தா என்ன, அவங்க கடுதாசி அவங்களுதுன்னா. வாயி அவளுக்கு.

இப்ப ஒரு வாரமா அடங்கிட்டா. நல்ல மாற்றம் சார். எதுத்துப் பேசறதில்ல, அம்மாவுக்குக் காலு அமுக்கி விடறா, எனக்கு சோறு போடறா. ஒண்ணே ஒண்ணுதான், தெனம் சாயந்திரம் கேக்கறா, அப்பா எனக்கு ஏதாவது தபால் வந்துச்சான்னு. முன்னாடியெல்லாம் மாசத்துக்கு ஒருக்கா கேப்பா, இப்ப தெனம் கேக்கறா. வரலம்மான்னு சொல்வேன். கொஞ்ச நேரம் எம்மூஞ்சியவே பாத்துட்டு, சரிப்பான்னு எந்திரிச்சுப் போயிருவா. பழகிக்கிட்டு வர்றா. போகப் போக கேக்கறத விட்டுருவா.

நேத்து ராத்திரி இருந்த ஒரே நல்ல சேல, நீலச் சேல, அதத் தேச்சு வச்சா. ரேஷன் கார்டு, பள்ளிக்கூடச் சான்றிதழ், அந்த ரத்த டெஸ்ட் சர்ட்டிபிகேட்டு, எல்லாத்தையும் மஞ்சப்பையில போட்டு வச்சா. ஏம்மா, பேர் குடுக்கறதுக்கு லேப் சர்ட்டிபிகேட்டு எதுக்குன்னேன். இருக்கட்டும்பான்னா. எதையும் திருத்தமாச் செய்வா, என்ன மாதிரி. இன்னைக்குக் காலையில நான் பொறப்படறப்ப வாசப்படியில வந்து நின்னா. அப்பா, எங்கிட்ட ஏதாவது சொல்லணுமான்னா. ஆமா, நாலு மணிக்கு ஆபீசுக்கு வந்துரு, லேட் பண்ணாதேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். பாவம், மூஞ்சி வாடியிருந்துச்சு. காலையில எதுவும் சாப்பிடல.

மணி என்ன ஆச்சு? மூணேகாலா? பாருங்க, பேசிக்கிட்டே போனது தெரியல.

சார், உங்ககிட்ட ஒண்ணு சொல்லவா? யார்கிட்டயும் சொல்லல. செசிலிகிட்டகூட சொல்லல. நீங்க யாரோ, நான் யாரோ. இந்த ஆனை போனதும் நீங்க கோயம்புத்தூர் போயிருவீங்க, அப்புறம் உங்கள எங்க பாக்கப் போறேன். ஆறு நாளா நெஞ்சுல கல்லத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு.

கடுதாசி வந்துச்சு சார்.

போன வெள்ளிக்கெழம. தபால் கொண்டு வர்ற ராயப்பன் எங்கையிலதான் குடுத்தான். பழுப்புக் கவர், அரசாங்க முத்திரை. பிரிச்சுப் பாத்தேன். கோயம்புத்தூர்ல லேப் வேலைக்கு நேர்முகத் தேர்வு, பதினெட்டாம் தேதி, வெள்ளிக்கெழம, காலை பத்து மணி. ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டோட வரணும். வெள்ளிக்கெழமன்னா நாளைக்கு. நாளைக்குப் பத்து மணி தாண்டிருச்சுன்னா எல்லாம் முடிஞ்சிரும், எனக்கும் மூச்சு வரும். அதுக்குத்தான் பஸ் வராதது நல்லதாப் போச்சுன்னேன். ஏழு மணி பஸ் பிடிச்சா கோயம்புத்தூர் போக பன்னெண்டு ஆயிரும். இனி அவளுக்கே தெரிஞ்சாலும் போக முடியாது. ஆனை எனக்கு நல்லது பண்ணிருச்சு. தெரியுதுங்களா?

சந்தோஷமான்னு கேக்கறீங்களா? எனக்கென்ன சார் சந்தோஷம். அவ போயிட்டா அந்த வீடு போச்சு. முட்டி மடங்காத பொம்பளையக் கூட்டிக்கிட்டு நான் எந்தத் தெருவுல நிக்கறது? நேர்முகத் தேர்வுதானே, வேலையா குடுத்துட்டான்? நூறு பேரக் கூப்பிடுவான், ஒருத்தர எடுப்பான். அதுக்காக இருக்கறத விடச் சொல்றீங்களா? அவ நல்லதுக்கும் சேத்துத்தான் பண்ணேன். கிழிச்சுப் போடலாம்னு பாத்தேன், மனசு வரல. எம்பொண்ணு பேரு டைப் அடிச்சிருக்கு சார், குமாரி பா. பிலோமினான்னு. எப்படிக் கிழிக்கறது? அடுப்புல போடலாம்னு குசினி வரைக்கும் கொண்டுபோனேன், முடியல. வீட்டுல வச்சா செசிலி கண்ணுல படும். சோத்துப் பருக்கை வச்சு ஒட்டி, இங்கயே, இந்த...

என்ன சார் அப்படிப் பாக்கறீங்க?

இந்த டிராயர்லதான் வச்சிருக்கேன். ஆமா. இங்க பூட்டு இருக்கு, சாவி எங்கோட்டுப் பையில இருக்கு, அதான் வச்சேன். அதுல என்ன இருக்கு? என்ன, அந்தத் தொரையும் நானும் ஒண்ணுங்கறீங்களா? நல்லா இருக்கே! டிக்கெட் வாங்கிட்டு உள்ள வந்தா எது வேணா சொல்லலாமா? அவன் வெள்ளக்காரன், கம்பெனிக்காகச் செஞ்சான். நான் பெத்த அப்பன். அவன் யாரோ ஒருத்தன் கடுதாசிய ஒளிச்சான், நான் எம்பொண்ணோடத பத்திரமா வச்சிருக்கேன். அவனுக்கு எங்க தாத்தா மேல பாசமா இருந்துச்சு? எனக்கு இருக்கு. பாசத்துல பண்றதும் அதுவும் எப்படி ஒண்ணாகும்? நீங்களே சொல்லுங்க. நான் என்ன மழைக் கடுதாசியையா ஒளிச்சேன்?

டீக்கிளாஸ எதுக்குத் தள்ளி வைக்கறீங்க?

கோவத்துல கத்திட்டேன், மன்னிச்சுக்குங்க. வீட்டுக்கு வந்தவங்கள இப்படிப் பேசறவனில்ல நான். சரி, பாக்கணுமா, பாருங்க. கசங்காம, ஒரு மடிப்பு விழாம வச்சிருக்கேன். நான் அவனில்லங்கறது உங்களுக்கே தெரியும். இருங்க, இந்தச் சாவி கொஞ்சம் எடக்கு பண்ணும். ம். தொறந்துருச்சு. இது அந்த முப்பத்தேழு, தொடாதீங்க, பொடிஞ்சிரும். அதுக்கு அடியில இதோ. பாத்தீங்களா, முத்திரை, பேரு...

இது ஏன் பிரிஞ்சிருக்கு?

நான் ஒட்டித்தானே வச்சேன். நல்லா அழுத்தி ஒட்டினேனே. ஈரத்துக்கு விட்டிருக்குமோ? இல்ல, இது பிரிச்சது. லெட்டர் உள்ள இருக்கு. இருக்கு, இதோ. பின்னாடி என்னமோ எழுதியிருக்கு. பென்சில்ல. கண்ணாடி எங்க வச்சேன்... இது பிலோ எழுத்து. சார், இது பிலோவோட எழுத்து.

சனி. உனக்கு ஒரு கவர் வந்துச்சேன்னு ராயப்பண்ணன் சொன்னாரு. அப்பாகிட்ட கேட்டேன். வரலன்னு சொன்னாங்க.

ஞாயிறு. அப்பா சாப்பிடறப்போ கோட்டுப் பையில சாவி எடுத்துப் பாத்தேன். இங்க இருந்துச்சு. எடுத்துட்டுப் போகல. சாயந்திரப் பூசை முடிஞ்சு வர்ற வழியில கேட்டேன். வரலன்னு சொன்னாங்க.

திங்கள். சோறு போடறப்போ கேட்டேன். வரலன்னு சொன்னாங்க. என் மூஞ்சியப் பாக்கல.

செவ்வாய். கேட்டேன். வரலன்னு சொன்னாங்க. நானா எடுத்துக்கிட்டுப் போனா ஓடிப்போன மாதிரி. அவங்க கையால குடுத்தா போறேன்.

புதன். கேட்டேன். என் தலையில கை வச்சுச் சொல்லுங்கன்னு கேக்க வாய் வந்துச்சு. கேக்கல. கைய வச்சுட்டாங்கன்னா நான் என்ன பண்ணுவேன்.

வியாழன்.

வியாழன்னு போட்டு ஒண்ணும் எழுதல சார். திருப்பிப் பாக்கறேன், ஒண்ணுமில்ல. வியாழன்னு மட்டும் போட்டு விட்டிருக்கா. இன்னைக்கு மத்தியானமும் பெருக்க வந்தா. நான் பின்வாசத் திண்ணையில உக்காந்து சோறு தின்னுக்கிட்டிருந்தேன். அப்ப வந்து இத எழுதிட்டு, மறுபடி பூட்டி, சாவியக் கோட்டுல போட்டுட்டுப் போயிருக்கா. போறப்ப, அப்பா வர்றேன்னு சொன்னா. நான் நிமிந்துகூடப் பாக்கல.

ஆறு நாளா எம்புள்ள தெரிஞ்சே கேட்டிருக்கு. படிக்குக் கீழ நின்னு கேட்ட மாதிரி கேட்டிருக்கு. நான் கைய விரிச்சு இல்ல, இல்லன்னு சொல்லியிருக்கேன். ஐயோ. சிரிச்ச மூஞ்சியோட சொன்னேன் சார். நான்தான் சார் அவன். கோட்டு மட்டுந்தான் வேற.

இருங்க, உக்காந்துக்கறேன். இந்த நாற்காலியிலயா, பரவால்ல, எங்கயோ ஒண்ணு.

தண்ணி வேணாம் சார். என்ன காட்டறீங்க? வெளியவா? ஆனை எங்க? போயிருச்சா? எப்பப் போச்சு? வாழைத் தோட்டம் காலியா இருக்கு. ஓடைப் பக்கம் எறங்கிருச்சா. நீங்க பாத்தீங்களா, குட்டியும் போச்சா? மணி என்ன? சார், மணி என்ன? மூணே முக்கால்.

அது யாரு ரோட்டுல? கேட்டத் தாண்டி, ஆபீஸ் பக்கமாப் போறது? நீலச் சேல. கையில மஞ்சப்பை. நான் குடுக்கலன்னதும் கையெழுத்துப் போடப் போறா சார். போட்டுட்டா முடிஞ்சிருச்சு. நான் போட்ட பூட்டுக்குள்ள அவளே போய் உக்காந்துக்குவா.

சார், நீங்க கோயம்புத்தூர்தானே போறீங்க? கோயம்புத்தூர்தானே? எந்திரிங்க. கார் சாவி எங்க? இருட்டறதுக்குள்ள மல எறங்கிரலாம். போத்தனூர்ல செசிலியோட தங்கச்சி வீடு இருக்கு, ராத்திரி அங்க படுத்துக்குவோம், காலையில பத்து மணிக்கு நானே கூட்டிக்கிட்டுப் போயி வாசல்ல நிக்கறேன். நானும் வர்றேன் சார், பொம்பளப் புள்ளைய தனியா அனுப்ப மாட்டேன். வீடா? தெரியல சார். வீட்டுக்கு என்ன பண்றதுன்னு தெரியல. செசிலிகிட்ட என்ன சொல்றதுன்னும் தெரியல. ராயப்பன்கிட்ட சொல்லிவிடுவோம். அப்புறம் பாத்துக்கறேன்.

அந்தப் பக்கம் வேணாம், குசினி வழி சுத்து. இந்த வழியா வாங்க, முன்வாசல். முப்பத்தி நாலு வருஷத்துல நான் இந்த வாசல்ல கால் வச்சதில்ல. கெடக்கட்டும், வாங்க. பூட்டா? பூட்ட வேணாம் சார், தொறந்தே கெடக்கட்டும். நீங்க வண்டிய எடுங்க, நான் முன்னால ஓடறேன்.

பிலோ! ஏ பிலோ! நில்லும்மா! ஆபீசுக்குப் போகாத, நில்லு! உனக்குத் தபால் வந்திருக்கும்மா!